மட்டாஞ்சேரியில் ஒரு சந்து

"சார், மேல ரெண்டாவது பலகை கொஞ்சம் முன்னாடி நிக்குது."

சொன்னது எங்கள் டெக்னீஷியன் இல்லை. தரையில் குத்தவைத்து உட்கார்ந்து டைல்ஸ் சந்துக்கு வெள்ளை சிமென்ட் தேய்த்துக்கொண்டிருந்த கொத்தனார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், கேரளாவுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறதாம். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மசாலா கிடங்கை விருந்து அரங்கமாக மாற்றுகிறார்கள். அதற்குள் நாங்கள் மூன்றுக்கு மூன்று, ஒன்பது எல்இடி கேபினெட் அடுக்கி உரிமையாளருக்கு டெமோ காட்ட நின்றிருந்தோம். திரையில் ஒரே சாம்பல் நிறம். ஒன்பது கேபினெட்டில் எது சரியில்லை என்று எங்கள் பையன் லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தான். கொத்தனார் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான்.

பையன் ஏணியில் ஏறித் தடவிப் பார்த்தான். "ஆமாண்ணே, நகத்துல தட்டுது."

எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். இந்தத் தொழிலில் பதினோரு வருஷம்.

பெரிய எல்இடி சுவர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை இஞ்சு என்று. இரண்டாவது கேள்வி, "எத்தனை கே?" மூன்றாவதாக விலை. சந்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுவர் ஏறி, விளக்கை அணைத்து, வெள்ளைத் திரை போட்ட அன்றைக்குத்தான் கேட்பார்கள், "இது என்ன கோடு?" என்று. அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொத்தனார் 'சந்து' என்றே சொன்னார். எங்கள் ஆட்கள் 'ஜாயின்ட்' என்பார்கள். எனக்கு அவர் சொல்தான் பிடித்திருக்கிறது.

முதலில், இந்தச் சுவர் ஏன் துண்டு துண்டாக வருகிறது?

ஒரு 4கே படத்துக்கு 3840 பெருக்கல் 2160 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடி. மொத்தம் சுமார் 2 கோடியே 49 லட்சம். மைக்ரோ எல்இடி என்றால் ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமன் அளவோ அதற்கும் கீழேயோ. இத்தனையையும் எடுத்துப் பலகைமேல் வைக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு ஒன்றுதான் தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையான வேலையாகத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு திரையில் கிட்டத்தட்ட 2,490 செத்த விளக்கு. பத்து லட்சத்துக்கு ஒன்று என்றாலும் 25. பன்னிரண்டு அடிக்கு ஒரே பலகையாகச் செய்து, கடைசியில் நடுவே நாலு புள்ளி செத்திருந்தால் முழுப் பலகையையும் என்ன செய்வது? அதனால் கையகலம், முழ அகலம் என்று சின்னச் சின்ன மாட்யூலாகச் செய்து, சோதித்து, தேறினதை மட்டும் கேபினெட்டில் பூட்டி, கேபினெட்டைச் சுவரில் அடுக்குகிறார்கள். கிடங்கு வாசலில் ஏறாத பொருளை யாரும் வாங்க முடியாது என்பதும் ஒரு காரணம். மட்டாஞ்சேரி வாசல்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காகத்தான் சந்தே பிறந்தது. பிறகு அந்தச் சந்தை மறைக்கத்தான் இவ்வளவு விலை. எங்கள் கொட்டேஷன் முழுவதும் இந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் ஓடுகிறது.

இப்போது அதிகம் புழங்கும் கேபினெட் அளவு 600 மி.மீ. அகலம், 337.5 மி.மீ. உயரம். அதில் 0.9375 பிட்ச், அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் அவ்வளவு மி.மீ. இடைவெளி என்றால், 640 பெருக்கல் 360 புள்ளி வரும். 4கே வேண்டுமென்றால் ஆறுக்கு ஆறு, 36 கேபினெட். சுவர் 3.6 மீட்டர் அகலம், 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம். ஒவ்வொரு கேபினெட்டுக்குள்ளும் நாலு மாட்யூல் என்று வையுங்கள். ஒரு நாள் உட்கார்ந்து சந்தின் நீளத்தைக் கூட்டிப் பார்த்தேன். சுமார் 62 மீட்டர். பன்னிரண்டு அடி அகலச் சுவருக்குள் 62 மீட்டர் சந்து! அதில் எங்கேயாவது ஒரு முழ நீளம் பிசகினாலும் கண்ணுக்குப் பட்டுவிடும்.

ஏன் படுகிறது? பக்கத்துப் பக்கத்துக் கேபினெட் இடையே பிட்சைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் விழுந்தால் அந்த வரிசையில் ஒளி அடர்த்தி குறையும். கறுப்புக் கோடு. நெருங்கிப்போனால் அடர்த்தி கூடும். வெள்ளைக் கோடு. ஒன்று முன்னே நின்று ஒன்று பின்னே போனால் நேராகப் பார்க்கிறவருக்குத் தெரியாது, பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு நிழல் விழும். கல்யாண வீட்டில் பக்கவாட்டில் உட்காருகிறவர் எப்போதும் பெண்ணின் மாமாவாகத்தான் இருப்பார், அவர்தான் முதலில் சொல்வார்.

கணக்கு எப்படிக் கொடுமைப்படுத்துகிறது பாருங்கள். மேடை வாடகைக்குப் போகும் சுவர் 3.9 பிட்ச். அதில் 0.1 மி.மீ. இடைவெளி விட்டுப்போனால் இரண்டரை சதவீதப் பிசகு, யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே 0.1 மி.மீ., 0.9375 பிட்சில் பத்து சதவீதத்துக்கு மேல். மெல்லிய பிட்ச் வாங்கினால் படம் கூர்மையாகும் என்பது சரி. சந்தும் கூடவே கூர்மையாகும் என்பதை விற்கிறவர் யாரும் சொல்வதில்லை. (நானும் ரொம்ப நாள் சொன்னதில்லை.)

அதோடு உஷ்ணம். அலுமினியம் சூடானால் நீளும். 600 மி.மீ. கேபினெட் 15 டிகிரி சூடேறினால் 0.2 மி.மீ. வளரும். காலையில் ஏசி போட்டுக் கச்சிதமாக முடுக்கிய சுவர், இரவு விருந்து சூடுபிடிக்கும்போது வேறு சுவர்.

கொத்தனார் கண்ணுக்கு வருகிறேன். அது மாயம் இல்லை. நல்ல கண்ணால் பிரித்தறிய முடிகிற நுணுக்கம் சுமார் ஒரு ஆர்க் நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ஐந்து மீட்டர் தூரத்தில் இது ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. அதற்குக் கீழே இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். இதை வைத்துத்தான் நாங்கள், "அஞ்சு மீட்டர் தள்ளி உட்கார்ந்தா புள்ளியே தெரியாது சார்" என்று விற்கிறோம். அது பொய்யில்லை. ஆனால் ஒரு நேர்கோடு எங்கேயாவது மடங்குகிறதா, பிசகுகிறதா என்று பார்ப்பதில் அதே கண் பல மடங்கு கெட்டிக்காரக் கண். பத்து ஆர்க் விநாடிப் பிசகைக்கூட அது பிடித்துவிடும். ஐந்து மீட்டரில் அது கால் மி.மீ. புள்ளி தெரியாத தூரத்திலும் சந்து தெரிவது இதனால்தான். வெர்னியர் அளவுகோலை வாசிக்க முடிவதற்கும் இதே திறமைதான் காரணம், பெயரும் அதை ஒட்டி வந்ததுதான். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பதினெட்டு வருஷம் நேர்கோடு பார்த்தவரிடம் அந்தத் திறமை எப்படித் தீட்டப்பட்டிருக்கும்!

டெமோவுக்கு வந்த உரிமையாளரைச் 'சேட்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். குடும்பத்தில் நாலு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு வியாபாரம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார், விலை பேசும்போது மட்டும் சுத்தமான தமிழ்.

"கிளி, பூ, அருவி எல்லாம் வேண்டாம். வெறும் வெள்ளை போடு" என்றார்.

விவரமான ஆள். ஷோரூம்களில் ஏன் எப்போதும் கிளியும் பூவும் இரவு நேர நகரமும் ஓடுகின்றன? அந்தக் குழப்பத்தில் சந்து ஒளிந்துகொள்ளும். வெள்ளை, வெளிர் சாம்பல், கிரிக்கெட் மைதானப் பச்சை, கம்பெனிக்காரர்களின் எக்செல் பக்கம், இவற்றில் ஒளிய முடியாது. கேமரா ஒரு வெள்ளைச் சுவரை மெதுவாகக் கடந்து போகிற காட்சி இன்னும் மோசம். படம் நகரும், கோடு மட்டும் நகராமல் நிற்கும். நகராத பொருளைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

வெள்ளை போட்டோம். சேட் பக்கத்தில் போய் விரலால் கோட்டைத் தடவினார். "நான் கேட்டது ஒரு டிவி. நீ ஒன்பது டிவி கொண்டு வந்திருக்கே."

டெமோ செட், அவசரமாகப் பூட்டியது, தரை மட்டமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் மாறவில்லை. விலையைக் கேட்டார், சொன்னேன். எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

டீ வருவதற்குள் விலைக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சோனி 2012 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் கிரிஸ்டல் எல்இடி என்று ஒரு 55 இஞ்சு மாதிரியைக் காட்டியது. அறுபது லட்சம் எல்இடி கொண்ட ஒரே திரை. கடைக்கு வரவே இல்லை. 2016-இல் அதே நுட்பத்தைத் துண்டுகளாக வெட்டி, 403 மி.மீ.க்கு 453 மி.மீ. கட்டிகளாகக் கொண்டுவந்தார்கள். அது விற்றது. தனித் திரையாக விலை போகாதது சந்து போட்டதும் விலை போயிற்று! அந்தக் கட்டியில் ஒளி வரும் இடம் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதம்தான், மீதி 99 சதவீதமும் கறுப்பு. கறுப்பு நிறைய இருந்தால் சந்தும் அந்தக் கறுப்போடு கறுப்பாகக் கரைந்துபோகும். இந்த யோசனைக்கு நான் ரசிகன்.

சாம்சங் 2018-இல் 146 இஞ்சு 'த வால்' காட்டியது. 2019 டிசம்பரில் அது இந்தியாவுக்கு வந்தபோது 146, 219, 292 என்று மூன்று அளவு. விலை 3.5 கோடியிலிருந்து 12 கோடி வரை, வரி தனி. எங்கள் ஆபீசில் அன்றைக்கு ஒருவரும் வேலை பார்க்கவில்லை, எல்லாரும் கால்குலேட்டர்தான். 146 இஞ்சு என்றால் ஏறத்தாழ 63 சதுர அடி. சதுர அடிக்கு ஐந்தரை லட்சம். மனை விலை கேட்டுப் பழகிய காதுக்கு இது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. 292 இஞ்சு அதைப்போல நாலு மடங்குப் பரப்பு, விலை மூன்றரை மடங்குக்குக் கீழே. மொத்த வியாபாரத் தள்ளுபடி என்று சிரித்தோம். 2023 ஆகஸ்டில் வீட்டுக்கென்று 110 இஞ்சு மைக்ரோ எல்இடி டிவி வந்தது, ₹1,14,99,000. அதுவும் சதுர அடிக்கு மூன்று லட்சத்துக்கு மேல்.

பிட்ச் பாதியானால் எல்இடி எண்ணிக்கை நாலு மடங்கு. 2.5 பிட்சில் ஒரு சதுர மீட்டருக்கு 1,60,000 புள்ளி. 1.25-இல் 6,40,000. 0.9375-இல் 11 லட்சத்து 37 ஆயிரம். இது வெளிப்படையான காரணம், எல்லாரும் சொல்வார்கள். நிறத்தைப் பொறுக்கி எடுப்பது அடுத்த செலவு. ஒரே தட்டில் விளைந்த எல்இடிகளிலேயே பச்சையின் அலைநீளம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒன்றிரண்டு நானோமீட்டர் வித்தியாசம்கூட அகலமான பச்சையில் சதுரம் சதுரமாகத் தெரிந்துவிடும், சதுரங்கப் பலகை மாதிரி. அதனால் சலித்து, ஒத்ததை ஒத்ததோடு சேர்க்கிறார்கள், இதற்குப் பெயர் பின்னிங். பிறகு ஒவ்வொரு கேபினெட்டையும் கேமரா முன் நிறுத்தி ஒவ்வொரு புள்ளிக்கும் திருத்தக் கணக்கு எழுதுகிறார்கள், இது கேலிபரேஷன். சுவர் ஏறிய பிறகு சந்தோரத்து வரிசையை மட்டும் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ கோட்டை அழிக்கிற வேலை தனி. கறுப்புக் கோடாக இருந்தால் ஓரத்து வரிசையைப் பிரகாசமாக்குவது, வெள்ளையாக இருந்தால் மங்கலாக்குவது. நேர்பார்வைக்கு அருமையாகப் போய்விடும். அந்தக் கல்யாண மாமாவுக்குப் போகாது. இதெல்லாம் சாமான் இல்லை, ஆள்கூலி. கொட்டேஷனில் 'இன்ஸ்டலேஷன்' என்ற ஒரே வரிக்குள் அடங்கிக் கிடக்கும், பேரம் பேசுகிறவர் முதலில் வெட்டுவதும் அந்த வரியைத்தான்.

இன்னொன்று. இப்போது சந்தையில் 'மைக்ரோ எல்இடி' என்று பெயர் போட்டு வருகிற எல்லாமே மைக்ரோ இல்லை. நூறு மைக்ரானுக்குக் கீழே இருந்தால்தான் மைக்ரோ என்பது பொதுவான வழக்கு. அதைத் தாண்டியது மினி. அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் சிப் அளவைக் கேளுங்கள். பதில் வர நேரமானால் புரிந்துகொள்ளலாம்.

டீ வந்தது. சேட் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "வா" என்று வெளியே கூட்டிப்போனார். எங்கே என்று சொல்லவில்லை. ஜூ டவுன் தெருவில் சுக்கு வாசனையும் பழம்பொருள் கடைகளும் கடந்து, தெரு முட்டும் இடத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

பரதேசி ஜூதப் பள்ளி, யூதர்களின் ஜெபாலயம். நம் ஊரில் யாரையாவது பரதேசி என்றால் அடிதடி ஆகிவிடும். இங்கே அந்தச் சொல் பழைய அர்த்தத்திலேயே நிற்கிறது, வேற்றுதேசத்தார் என்று. 1568-இல் கட்டியது, மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டியே. எத்தனையோ முறை வந்திருக்கிறேன், ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கூட்டிவர வேண்டிய இடங்களில் ஒன்று. மேலே தொங்கும் சரவிளக்குகளைத்தான் எப்போதும் பார்ப்பேன். சேட் என்னைக் கீழே பார்க்கச் சொன்னார்.

வெள்ளையில் நீலம் வரைந்த சீன ஓடுகள். பதினெட்டாம் நூற்றாண்டில், கான்டன் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்தவை. டச்சுக் கம்பெனியின் பெரிய வியாபாரியாக இருந்த எசக்கியேல் ரஹபி வரவழைத்தார். பக்கத்து மணிக்கூண்டும் அவர் கட்டியதுதான், 1760-இல். ஆயிரத்து நூறு ஓடு என்பார்கள், ஒன்றைப்போல இன்னொன்று இல்லை என்பார்கள். கையால் வரைந்தது என்பதால் இரண்டாவது சரியாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றில் கிளை தடிமன், அடுத்ததில் மெலிவு. ஒன்றில் நீலம் ஆழம், அடுத்ததில் தண்ணீர் கலந்த மாதிரி. எங்கள் பாஷையில் சொன்னால் பின்னிங் செய்யாத சரக்கு, கேலிபரேஷன் பூஜ்யம். சந்து பட்டவர்த்தனமாகத் தெரிகிறது, சில இடங்களில் கோணல்கூட.

"இதுல கோடு தெரியுதா?" என்றார் சேட்.

"தெரியுது."

"தொந்தரவா இருக்கா?"

இல்லை என்று சொன்னேன். "அப்போ உன் சாமான்ல ஏன் தொந்தரவா இருக்கு?" அவர் பேரத்துக்காகத்தான் கேட்டார், தத்துவத்துக்காக இல்லை. விலை குறைக்கச் சொல்வதற்கு இவ்வளவு தூரம் நடக்க வைத்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். ஆனால் கேள்வி என்னோடு வந்துவிட்டது.

ஓட்டுத் தரையில் ஒவ்வொரு ஓடும் தன் படத்தைத் தானே வைத்திருக்கிறது. சந்து அங்கே படத்தின் சட்டம். எங்கள் சுவரில் எந்தத் துண்டுக்கும் சொந்தப் படம் இல்லை. ஒரு முகத்தின் நெற்றி ஒரு கேபினெட்டில், மூக்கு அடுத்ததில். நான் ஒன்றுதான் என்று அது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கேயாவது கோடு விழுந்தால் குட்டு உடையும். இன்னொரு விஷயம் அங்கே நிற்கும்போதுதான் மண்டையில் ஏறியது. அந்த ஓடு வந்த கான்டன்தான் இன்றைய குவாங்சௌ. என் கேபினெட்டுகள் வருவது ஷென்சென்னிலிருந்து. நடுவில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். இருநூற்று அறுபது வருஷம் கழித்தும் அதே கடற்கரையிலிருந்து மட்டாஞ்சேரிக்குச் சதுரம் சதுரமாகச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சந்தை மறைக்காமல் பெரிய படம் காட்டவே முடியாதா என்றால், அதையும் இதே மட்டாஞ்சேரியில்தான் பார்த்தேன். 2018 கேரளப் பெருவெள்ளத்துக்குப் பிந்தைய பினாலே கலைக் கண்காட்சி, அந்த டிசம்பர் 12-இல் தொடங்கியது. அனிதா துபே தொகுத்தது. ஆனந்த் வேர்ஹவுஸ் கிடங்குக்குள் தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் 'மோர் ஸ்வீட்லி ப்ளே த டான்ஸ்'. எட்டுத் திரை வரிசையாக, ஒரு ஊர்வலம். பேண்டு வாத்தியக்காரர்கள், சலைன் பாட்டிலைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நோயாளிகள், எலும்புக்கூடுகள், நிழலும் கரிக்கோடுமாக ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். திரைக்கும் திரைக்கும் நடுவே இடைவெளி, மறைக்க ஒரு முயற்சியும் இல்லை. ஒருவர் இந்தத் திரை ஓரத்தில் மறைவார், அடுத்ததில் முளைப்பார். நடுவில் அந்த இருட்டில் அவர் நடந்துகொண்டிருக்கிறார் என்று நாமே நிரப்பிக்கொள்வோம். தொழில் புத்தியில் முதல் ஐந்து நிமிஷம் புரொஜெக்டர் எங்கே, எத்தனை லூமன் என்று தேடினேன். பிறகு தேடவில்லை, சுற்றி வந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

இதைச் சேட்டிடம் சொன்னால், "அப்போ எட்டு டிவி வாங்கிக்கறேன்" என்பார். சொல்லவில்லை. கல்யாணப் பெண்ணின் முகத்தை எட்டாகப் பிரித்துக் காட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எல்சிடி வீடியோ வால் அதைத்தானே செய்துகொண்டிருந்தது? சட்டம் இரண்டும் சேர்ந்து 0.88 மி.மீ. வரைக்கும் ஒல்லியாக்கிப் பார்த்தார்கள். அப்போதும் கோடு கோடுதான்.

எனக்குச் சந்தின் விலையைச் சரியாகப் புரியவைத்தது உண்மையில் என் அம்மா. காஞ்சிபுரத்தில் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருந்தோம். ஒரே மாதிரி தெரிந்த இரண்டு சேலை, ஒன்றுக்கு விலை நன்றாகக் கூட. ஏன் என்றேன். அம்மா உடலும் பார்டரும் சேருகிற இடத்தைத் திருப்பிக் காட்டினார். "இது கோர்வை." உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம், நிறம் கலங்காமல் இரண்டையும் தறியிலேயே கோர்ப்பது. மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் உதவிக்கு ஒரு ஆள் உட்கார வேண்டும், வேலை மெதுவாகத்தான் நகரும். கோர்க்கிற கோட்டைக் கோபுரம் கோபுரமாக ஆக்கி அதையே அலங்காரமாக்கிவிடுவதும் உண்டு. பட்டும் ஜரிகையும் இரண்டு சேலைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அந்த ஒரு கோட்டுக்குத்தான் விலை. அன்றைக்கு அம்மாவிடம் நான் தலையாட்டியதோடு சரி. அடுத்த கொட்டேஷனிலிருந்து 'சந்து வேலை' செலவைத் தனி வரியாக எழுத ஆரம்பித்தேன்.

சேட்டுக்கும் அப்படித்தான் எழுதினேன். அவர் அரங்கில் முதல் வரிசை நாற்காலி திரையிலிருந்து நாலரை மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்தில் கண் பிரித்தறியும் எல்லை 1.3 மி.மீ. அதனால் 0.9 வேண்டாம், 1.25 போதும் என்றேன். 36 கேபினெட்தான் அப்போதும், ஆனால் எல்இடி 2 கோடியே 49 லட்சத்துக்குப் பதில் 1 கோடியே 40 லட்சம். 4கே என்று சொல்லிக்கொள்ள முடியாது, 2880 பெருக்கல் 1620. மிச்சமாகும் பணத்தில் பாதியைப் பின்னால் நிற்கும் இரும்புச் சட்டத்துக்கும் மட்டம் பார்ப்பதற்கும் போடுங்கள், சுவர் ஏறிய பிறகு மூன்று இரவு கேமரா வைத்துத் திருத்துவதற்குப் போடுங்கள், மீதியில் அதே பேட்ச் மாட்யூல் ஒரு டஜன் ஸ்பேர் வாங்கிப் பூட்டி வையுங்கள் என்று எழுதினேன்.

"ஒன்னும் ஆகாத சாமானுக்கு ஸ்பேர் எதுக்கு?" ஸ்பேர் வரியைப் பேனாவால் அடித்தார்.

இதற்கு என்னிடம் ஒரு பழைய காயம் இருந்தது, சொல்லியே ஆகவேண்டியதாயிற்று. நாலு வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் ஒரு மண்டபம். ஸ்பேர் வாங்காமல் விட்டார்கள், நானும் வற்புறுத்தவில்லை. மழைக்காலத்தில் இரண்டு மாதம் சுவரைப் போடாமல் பூட்டி வைத்துவிட்டு, ஓணத்துக்குத் திறந்து ஒரே அடியாக முழு வெளிச்சத்தில் போட்டிருக்கிறார்கள். ஈரம் குடித்த மாட்யூல் அப்படிச் சூடேறினால் தாங்காது. குறைந்த வெளிச்சத்தில் மணிக்கணக்கில் ஓடவிட்டு ஈரத்தை விரட்டிய பிறகுதான் ஏற்ற வேண்டும். இந்தக் கடலோர ஊர்களில் இது தினப்பாடம். ஆறு மாட்யூல் போயிற்று. புதிதாக வரவழைத்த ஆறும் வேறு பேட்ச். வெள்ளை வேட்டியில் பழுப்புத் துணியால் ஒட்டுப்போட்ட மாதிரி ஆறு கட்டம், எத்தனை திருத்தியும் முழுசாகப் போகவில்லை. அணைத்து வைத்தால் இன்னும் கேவலம், கறுப்பே இரண்டு விதக் கறுப்பு.

சேட் யோசித்துக்கொண்டே நின்றார். கொத்தனார் வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர், கூப்பிடாமலே சொன்னார்: "சேட், டைல்ஸ்ல ரெண்டு பெட்டி மிச்சம் இருக்கு. கடையில திருப்பிக் குடுத்துராதீங்க. நாளைக்கு ஒண்ணு ஒடைஞ்சா இந்த ஷேடு கிடைக்காது."

"அதை மேல ஏத்தி வை" என்றார் சேட் உடனே. சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பேனாவால் அடித்த வரிக்குப் பக்கத்தில் 'எட்டு' என்று எழுதினார். பன்னிரண்டு இல்லை, எட்டு. அதற்கும் தள்ளுபடி கேட்டார், கொடுத்தேன்.

போன வாரம் சுவர் ஏறிவிட்டது. இரண்டாவது இரவு திருத்த வேலை நடக்கும்போது கொத்தனாரைப் போனில் கூப்பிட்டு வரச் சொன்னேன், லேப்டாப்பைவிட அவர்மேல் நம்பிக்கை. சாம்பல் போட்டோம். வந்து நின்று, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து பார்த்தார். கீழ் வரிசையில் இடமிருந்து நாலாவதைக் காட்டினார். பையன் அலன் கீ எடுத்துக்கொண்டு போனான். மற்றதெல்லாம் பரவாயில்லை என்றார், அவர் வாயில் அது பெரிய வார்த்தை என்று பையன் பிறகு சொன்னான்.

எட்டு மாட்யூல் இருக்கிற அட்டைப்பெட்டியை மேலே பரணில் அந்த இரண்டு டைல்ஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம், உள்ளே ஈரம் இழுக்கும் பொட்டலம் போட்டு. மூன்றிலும் கொத்தனார் தச்சு பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறார்: 'எடுக்காதே.' சேட்டுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. பையன்தான் படித்துச் சொன்னான்.